மலை உச்சிக்கு ஒரு சுற்று: கிலோமீட்டர் கணக்கு ஏன் கைகொடுப்பதில்லை?

சமதளத்தில் 12 கிலோமீட்டரை 72 நிமிடத்தில் ஓடுகிற ஒருவரிடம், "உச்சிக்கு ஏறி, மறுபக்கமாக இறங்கி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிற மலைத்தடம் ஒன்று இருக்கிறது. மொத்தம் 12 கிலோமீட்டர்தான்" என்று சொல்லிப் பாருங்கள். "அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம். ஏறும்போது தாமதமானாலும் இறங்கும்போது பிடித்துவிடலாம்" என்பார். போய் வந்த பிறகு இரண்டேகால் மணி நேரம் ஏன் ஆனது என்று காரணம் தேடுவார். ஷூ சரியில்லை, மேலே ஆக்சிஜன் கம்மி, ராத்திரி தூக்கம் போதவில்லை.

ஷூ பாவம், அதைத் திட்ட வேண்டாம். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நினைத்ததில்தான் தப்பு. ஏற்றம் மூச்சைத் தின்கிறது, இறக்கம் தொடையைத் தின்கிறது. ஒன்றில் செலவழித்ததை மற்றொன்றில் திரும்பப் பெற முடியாது. டிரெயில் ரன்னிங், அதாவது மலைத்தடங்களில் ஓடுவது பற்றிப் பேசும்போது பலரும் தவறவிடுவது இதைத்தான்.

படிக்கட்டில் தெரிவது மலையில் மறந்துபோகிறது

லிஃப்ட் வேலை செய்யாத நாளில் பத்து மாடி ஏறியவர் என்ன சொல்வார்? "பத்து மாடி ஏறினேன், மூச்சு வாங்குகிறது" என்பார். படிகளின் நீளத்தைக் கூட்டி, "அறுபது மீட்டர் நடந்தேன்" என்று யாரும் சொல்வதில்லை. படிக்கட்டில் உயரம்தான் கணக்கு என்று உடம்புக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதே ஆள் மலைக்குப் போனால் வாட்சைப் பார்த்துக் கிலோமீட்டர் எண்ண ஆரம்பித்துவிடுகிறார்.

ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 1000 மீட்டர் உயரம் 330 மாடிக்கு மேல் வரும். நம் 12 கிலோமீட்டர் தடத்தில் அவ்வளவு ஏற்றம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மலைத்தடங்களில் இது சாதாரணமான அளவுதான்.

இங்கே இரண்டு சொற்கள் தேவைப்படும். வழியில் எங்கெல்லாம் மேலே போகிறோமோ அந்த உயரங்களை எல்லாம் கூட்டினால் வருவது மொத்த ஏற்றம். உச்சியின் உயரத்திலிருந்து அடிவாரத்தின் உயரத்தைக் கழித்தால் அது கிடைத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. நடுவில் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறினால் அந்த ஏற்றமும் சேரும். கிளம்பிய இடத்துக்கே திரும்பும் சுற்று என்பதால் எவ்வளவு ஏறுகிறோமோ சரியாக அவ்வளவே இறங்கியாக வேண்டும்.

அடுத்தது சரிவு. கிடைமட்டமாக 100 மீட்டர் நகர்வதற்குள் 20 மீட்டர் உயர்ந்தால் 20 சதவீதச் சரிவு. 100 சதவீதம் என்றதும் செங்குத்துச் சுவரைக் கற்பனை செய்கிறார்கள். அது 45 டிகிரிதான். ஆனால் அந்த 45 டிகிரியில் நின்று பார்த்தால் சுவர் போலத்தான் தோன்றும், அது வேறு விஷயம்.

ஏற்றத்தின் விலை

70 கிலோ எடையுள்ள உடம்பை 1000 மீட்டர் தூக்குவதற்கு ஆகும் வேலையைக் கணக்கிட்டால் சுமார் 164 கிலோகலோரி வரும். ஆனால் தசை அவ்வளவு சிக்கனமான இயந்திரம் கிடையாது. உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் கால் பங்கு போலத்தான் வேலையாக மாறும், மீதி வெப்பமாகப் போய்விடும். அப்படிப் பார்த்தால் செலவு 650 கிலோகலோரிக்கு மேல்.

சமதளத்தில் ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் ஒரு கிலோகலோரி ஆகும். நம் 70 கிலோ ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 70. ஏற்றத்தில் 100 மீட்டர் உயர அவருக்கு ஆவது 65 சொச்சம். ஆக, 100 மீட்டர் ஏறுவதும் சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடுவதும் ஏறக்குறைய ஒரே செலவு.

சர்வதேச டிரெயில் ரன்னிங் சங்கம் பந்தயங்களை வகைப்படுத்த இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதி, மொத்த ஏற்றத்தை 100 ஆல் வகுத்துக் கூட்டிக்கொள்கிறார்கள். 12 கிலோமீட்டரும் 1000 மீட்டர் ஏற்றமும் சேர்ந்தால் 12 + 10 = 22. கலோரி, ஆக்சிஜன் என்று எதையும் அளக்காமல் இதன் பக்கத்தில் வந்தவர் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று 1892 இல் அவர் எழுதிவைத்தார். மீட்டருக்கு மாற்றினால், நடப்பவர்களுக்கு 100 மீட்டர் ஏற்றம் சுமார் 0.8 கிலோமீட்டருக்குச் சமம். நோட்டுப் புத்தகமும் கைக்கடிகாரமும் மட்டும் வைத்திருந்த காலத்துக்கு இது பிரமாதமான கணிப்பு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உங்கள் தடம் 12 கிலோமீட்டர் இல்லை, 22. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற உங்கள் பேஸில் அது 132 நிமிடம். அந்த இரண்டேகால் மணி நேரத்தில் ஷூவுக்குப் பங்கு ஒன்றும் இல்லை.

"இறங்கும்போது பிடித்துவிடலாம்"

சரி, ஏறும்போது நேரம் போகிறது, ஒப்புக்கொள்வோம். இறக்கத்தில் வேகமாக வந்து அதை ஈடுகட்ட முடியாதா?

எளிமைக்காக இப்போதைக்குச் சரிபாதியாகப் பிரிப்போம்: 6 கிலோமீட்டர் ஏற்றம், 6 கிலோமீட்டர் இறக்கம். சமதளத்தில் உங்கள் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். ஏற்றத்தில் அது பாதியாகி 5 ஆகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். உச்சிக்குப் போய்ச் சேரவே 72 நிமிடம் ஆகிவிட்டது. சமதளத்தில் 12 கிலோமீட்டரையும் முடிக்க உங்களுக்கு ஆகும் நேரமும் அதே 72 நிமிடம். அதாவது, "பிடித்துவிட" வேண்டுமானால் உச்சியிலிருந்து அடிவாரத்துக்குப் பூஜ்ஜியம் நிமிடத்தில் வர வேண்டும்.

இது உடம்பின் குறை இல்லை, வெறும் கணக்கு. மெதுவாகப் போகும் பகுதியில்தான் நேரம் குவிகிறது. வேகமாகப் போகும் பகுதியை இன்னும் வேகமாக்கினாலும் அங்கே மிச்சம் பிடிப்பதற்கு நிமிடங்களே இல்லை. அலாஸ்காவின் சூவர்ட் ஊரில் 1915 முதல் நடக்கும் மவுண்ட் மாரத்தான் பந்தயத்தைப் பாருங்கள். சுமார் 5 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டருக்கு மேல் ஏற்றம். முன்னணி வீரர்கள் ஏறுவதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, இறங்கும்போது சரளைக்கல் சரிவில் பாய்ந்து பத்து நிமிடம் போல முடித்துவிடுகிறார்கள். முழங்கால் கிழிந்து ரத்தம் வழிய வந்து சேர்பவர்களும் உண்டு. அவ்வளவு துணிந்து இறங்கியும் மொத்த நேரத்தில் முக்கால் பங்கு ஏற்றத்துக்குத்தான் போகிறது.

ஏற்றத்தில் நடந்தால் தோல்வியா?

புதிதாக வருபவர்களுக்கு இதில் ஒரு கூச்சம் இருக்கிறது. பேர் டிரெயில் ரன்னிங், நாம் நடக்கிறோமே என்று. தேவையில்லாத கூச்சம்.

2016 இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 45 டிகிரி வரை சாய்க்கக்கூடிய ஒரு டிரெட்மில்லை வைத்துப் பயிற்சி பெற்ற மலை ஓட்டக்காரர்களைச் சோதித்தார்கள். எல்லாச் சாய்விலும் மேலே உயரும் வேகத்தை ஒரே அளவில் வைத்திருந்தார்கள், வினாடிக்கு 0.35 மீட்டர். சாய்வு ஏறக்குறைய 16 டிகிரியைத் தாண்டியதும், அதாவது 28 சதவீதத்துக்கு மேல், ஓடுவதைவிட நடப்பதற்குக் குறைந்த ஆற்றலே செலவானது. நன்றாகப் பழகிய கால்களுக்கே அப்படி. புதியவர்களுக்கு அந்த எல்லை இன்னும் முன்னாலேயே வந்துவிடும். 15 சதவீதச் சரிவில் உங்கள் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டராகக் குறைந்த பிறகு "ஓடுவது" என்றால், நடக்கிற வேகத்தில் குதித்துக்கொண்டிருப்பதுதான்.

அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரே உயரத்தை ஒரே நேரத்தில் எட்டுவதற்கு 20 முதல் 35 டிகிரி வரையிலான சாய்வுகள்தான் மலிவாக இருந்தன. சரிவு குறைந்தால் சுலபம் என்று நினைக்கிறோம். ஆனால் அதே நேரத்துக்குள் அதே உயரத்தை எட்ட வேண்டுமென்றால், சரிவு குறையக் குறைய தூரம் நீளும், வேகமாக ஓட வேண்டிவரும். வெர்டிகல் கிலோமீட்டர் என்றொரு பந்தய வகை இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு மிகாத தூரத்தில் 1000 மீட்டர் ஏற வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஃபுல்லியில் நடக்கும் பந்தயத்தில் அந்த 1000 மீட்டரை 1.92 கிலோமீட்டரிலேயே ஏறிவிடுகிறார்கள். பழைய கேபிள் ரயில் போன நேர்கோட்டுத் தடம் அது. அங்கே மிக வேகமாக ஏறுபவர்களே தொடையிலோ ஊன்றுகோலிலோ கையை அழுத்தி, முன்னால் குனிந்தபடி, விறுவிறுவென்று நடந்துதான் போகிறார்கள்.

மேலே ஆக்சிஜன் கம்மியா?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் ஏறக்குறைய 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடல்மட்டத்தை 100 என்று வைத்தால் 1000 மீட்டரில் சுமார் 89, 3000 மீட்டரில் சுமார் 70. முதல் 1000 மீட்டருக்குள் மூச்சிரைத்தால் அதற்குப் பெரும்பாலும் சரிவுதான் காரணம், காற்று இல்லை. 1500 மீட்டருக்கு மேல் போகும்போதுதான் உடம்பின் அதிகபட்ச ஆக்சிஜன் எடுப்பு குறைவது உணரத் தெரியும்.

இறக்கம்: மூச்சு தப்பித்தது, தொடை மாட்டிக்கொண்டது

உச்சியில் நிற்கும்போது அந்த 164 கிலோகலோரியும் உங்கள் உடம்போடுதான் இருக்கிறது, உயரமாக. அடிவாரத்துக்கு வரும்போது அது இல்லை. எங்கே போனது? ஒவ்வொரு அடியிலும் நீங்கள் பிரேக் போட்டீர்கள். அந்த பிரேக், பெரும்பாலும், முன்தொடைத் தசைதான். உயரம் அங்கே வெப்பமாகக் கரைந்தது.

படிக்கட்டில் மெதுவாக ஒரு படி இறங்கும்போது, மேல்படியில் ஊன்றிய காலின் முன்தொடையில் கைவைத்துப் பாருங்கள். எடையைத் தாங்கியபடியே அந்த முழங்கால் மெல்ல மடங்கும். தசை கல் மாதிரி இறுகியிருக்கும், ஆனால் சுருங்கவில்லை, நீண்டுகொண்டிருக்கிறது. உடம்பு தொப்பென்று விழாமல் இழுத்துப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. தசை இப்படி இழுத்தபடியே நீள்வதை எக்சென்ட்ரிக் இயக்கம் என்பார்கள். ஏறும்போது அதே தசை சுருங்கி உங்களைத் தூக்குகிறது. இறங்கும்போது நீண்டு உங்களைப் பிடிக்கிறது.

இந்த இரண்டு வேலைகளும் எவ்வளவு வேறுபட்டவை என்பதை 1952 இல் அபாட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் ஒரு வேடிக்கையான ஏற்பாட்டில் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே செயினால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். பின்னோக்கிச் சுழலும் பெடலை மற்றவர் எதிர்த்து அழுத்த வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசை, ஒரே வேகம். ஆனால் எதிர்த்தவர் எடுத்துக்கொண்ட ஆக்சிஜன், மிதித்தவருடையதில் ஒரு சிறு பங்குதான். லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது சிறிய உருவமுள்ள பெண் ஒருவர் பெடலை எதிர்த்து அழுத்த, மறுபக்கம் மிதித்த பெரிய ஆள் சீக்கிரமே களைத்துப்போனார்.

இறக்கத்தில் மூச்சு வாங்காததற்கு இதுவே விளக்கம். நீளும் தசை, அதே சுமையைக் குறைந்த எண்ணிக்கையிலான இழைகளைக் கொண்டே தாங்கிவிடுகிறது. அதனால் ஆக்சிஜன் குறைவாகப் போதும். ஆனால் ஒவ்வோர் இழையின் மேலும் விழும் இழுவிசை அதிகம். பழக்கமில்லாத இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. மூச்சு சீராக இருப்பதைப் பார்த்து, "இறக்கம் சும்மாதான்" என்று முதல் இரண்டு கிலோமீட்டர் பாய்ந்து வருகிறவர், கொஞ்சம் சமமான இடத்தில் நின்று தண்ணீர் குடிக்கும்போது கவனிப்பார்: முழங்காலுக்கு மேலே தசை தானாகவே வெடவெடக்கும். நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. மூச்சு இதைப் பற்றி முன்கூட்டி எந்த எச்சரிக்கையும் தந்திருக்காது.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வரும் வலியும் இதே கிழிசல்களின் தொடர்ச்சிதான். ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்தைத் தொடும் இதற்குத் தாமதத் தசைவலி என்று பெயர். "லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். ஓட்டம் முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அது ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். இரண்டு நாள் கழித்து வாடகைக்கு யாரும் தங்கியிருப்பதில்லை. அமிலம் அதிகம் உண்டாவது மூச்சிரைக்கும் ஏற்றத்தில், வலி அதிகம் வருவது இறக்கத்தால். இது ஒன்றே போதும், அந்தக் கதை பொருந்தவில்லை என்று காட்ட.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. தசை இந்த அடியை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒருமுறை இறக்கத்தில் ஓடி வலியெடுத்த தொடைக்கு, சில வாரங்களுக்குள் அதே இறக்கம் மறுபடி வந்தால் சேதம் வெகுவாகக் குறையும். அதனால் பெரிய சுற்றுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சிறிய குன்றில் இறங்கிப் பழகுவது, ஏறிப் பழகுவதைவிடக் கூடுதல் பலன் தரும் என்பது என் கருத்து. சிறு சிறு அடியாக வைத்துக் காலை வேகமாக மாற்றினால், ஒவ்வோர் அடிக்கும் விழும் பிரேக் சிறியதாகும். பயந்துபோய் உடம்பைப் பின்னால் சாய்த்து நீள அடி வைப்பதுதான் தொடைக்குப் பெரிய தண்டனை.

மறுபடி ஒருமுறை: ஏற்றத்தில் தசை சுருங்கி வேலை செய்கிறது, ஆக்சிஜன் செலவு அதிகம், சேதம் குறைவு. இறக்கத்தில் தசை நீண்டு வேலை செய்கிறது, ஆக்சிஜன் செலவு குறைவு, சேதம் அதிகம்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

சுற்றுத்தடத்தில் மட்டுமே கிடைக்கும் ஒரு வசதி இது. அநேகமாக எந்த மலைக்கும் செங்குத்தான ஒரு பக்கமும் சாய்வான ஒரு பக்கமும் இருக்கும். நம் 12 கிலோமீட்டரை இப்போது சரிபாதியாக இல்லாமல் இப்படிப் பிரிப்போம்: செங்குத்துப் பக்கம் 4 கிலோமீட்டர், 25 சதவீதம். சாய்வான பக்கம் 8 கிலோமீட்டர், 12.5 சதவீதம். எந்தப் பக்கம் போனாலும் தூரமும் ஏற்றமும் அதேதான், அதனால் எப்படிச் சுற்றினாலும் ஒன்றுதான் என்று தோன்றும்.

அப்படி இல்லை. இத்தாலிய உடலியங்கியல் ஆய்வாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டி குழுவினர் 2002 இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, ஓடுவதற்கான ஆற்றல் செலவு இறக்கம் கூடக்கூடக் குறைந்துகொண்டே வந்து, 20 சதவீத இறக்கத்தில் மிகக் குறைவாகிறது, சமதளத்தில் பாதி. அதையும் தாண்டிச் செங்குத்தானால் செலவு மறுபடி ஏறுகிறது, ஏனென்றால் பிரேக் பிடிப்பதே பெரிய வேலையாகிவிடுகிறது. நைஸ்மித்தின் கணக்கில் இறக்கத்துக்கென்று எதுவும் இல்லை. அதைத் திருத்திய எரிக் லாங்முயர், 5 முதல் 12 டிகிரி வரையிலான இறக்கத்தில் ஒவ்வொரு 300 மீட்டர் உயரம் இறங்குவதற்கும் பத்து நிமிடம் கழிக்கவும், 12 டிகிரிக்கு மேல் போனால் அதே பத்து நிமிடத்தைக் கூட்டவும் சொன்னார். 12 டிகிரி என்பது 21 சதவீதம். மலையில் நடந்து பார்த்துச் சொன்ன எல்லையும் ஆய்வகத்தில் அளந்த எல்லையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

நம் தடத்தில் இதைப் போட்டுப் பார்ப்போம். நடப்பவருக்கு, மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் 244 நிமிடம். சாய்வான பக்கம் 7 டிகிரி, அதில் இறங்கினால் 33 நிமிடம் கழியும். செங்குத்துப் பக்கம் 14 டிகிரி, அதில் இறங்கினால் 33 நிமிடம் கூடும். ஒரே தடம், சுற்றும் திசை மட்டும் மாறியதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ஓடுபவர்களுக்கு இடைவெளி இவ்வளவு இருக்காது, ஆனால் எந்தத் திசை லாபம் என்பது மாறாது: செங்குத்தில் ஏறி, சாய்வில் இறங்குவதே புதியவருக்கு நல்லது. வழுக்கும் பாறையும் உதிரும் கல்லும் ஏறும்போது கைக்கு எட்டும் தூரத்தில் கண்ணுக்கு எதிரே இருக்கும், இறங்கும்போது காலுக்குக் கீழே இருக்கும். அதுவும் ஒரு காரணம். இறக்கத்தில் தேர்ந்தவர்கள் சிலர் எதிர்த்திசையைத்தான் விரும்புவார்கள். அவர்கள் தொடை வேறு.

அப்புறம் வாட்ச். செங்குத்துப் பக்கமாக ஏறினால் உச்சியில் அது 4 கிலோமீட்டர் காட்டும், இன்னும் மூன்றில் இரண்டு பங்கு பாக்கி என்று வயிற்றைக் கலக்கும். 22 கணக்கில் பார்த்தால் 4 + 10 = 14, மூன்றில் இரண்டு பங்கு முடிந்தே விட்டது. மூச்சைப் பொறுத்தவரை அது சரியான கணக்கு. தண்ணீரையும் சாப்பாட்டையும் அந்த விகிதத்திலேயே பிரித்துக்கொள்ளலாம். தொடையைப் பொறுத்தவரை வேலை அங்கேதான் தொடங்குகிறது. உச்சியிலிருந்து முதல் ஒரு கிலோமீட்டரை, மூச்சு எவ்வளவு சுலபமாக இருந்தாலும், வேண்டுமென்றே மெதுவாக இறங்குங்கள்.